வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பெட்டி

வெண்மதி செய்த பெட்டியில் ஒரே ஒரு குறைதான். வாரத்தில் ஆறு நாள் சொன்ன பேச்சைக் கேட்கும். வெள்ளிக்கிழமை மட்டும் வாயைத் திறக்காது.

பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். கிணற்றடியில் மோட்டார் கொட்டாய் இருக்கிறதே, அதற்குள் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட வேண்டும். மும்முனைக் கரன்ட் வந்ததும் பெட்டி நிலத்துக்காரருக்குப் போன் போடும். "கரன்ட் வந்துட்ச்சி. மோட்டார் போட ஒண்ண அமுத்துங்க" என்று சொல்லும். ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும். கரன்ட் வந்ததா போனதா என்று வரப்புமேல் நடந்து நடந்து முட்டி தேய வேண்டியதில்லை.

இந்த வேலையைச் செய்யும் பெட்டிகள் கடையில் இல்லாமல் இல்லை. பதினாறு பொத்தான், நாலு விளக்கு, இங்கிலீஷில் ஒரு புத்தகம் என்று வரும். வாங்கினவர்கள் ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, மறுபடி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். வெண்மதிக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டாலே எரிச்சல். "சொல்லிக் குடுத்தாதான் புரியும்னா அது பொருளோட தப்பு, ஆளோட தப்பு இல்ல. பாத்தாலே தெரியணும்" என்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். கேட்டுக் கேட்டுக் குருவுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

குரு அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். செஞ்சி காந்தி பஜாரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையின் மாடிதான் வெண்மதியின் பட்டறை. அவள் பெங்களூரில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். போன் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் மனிதன் யோசிக்காமல் தொடுவான் என்று பார்த்துப் பார்த்து வைப்பதுதான் அந்த வேலை. மூன்று தடவை தொட்டு வாங்க வேண்டிய பிரியாணியை இரண்டே தடவை தொட்டு வாங்கும்படி செய்ததற்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தவளுக்கு மனசே சரியில்லை. பிரியாணிக்கு ஒரு தொடல் குறைந்ததற்குக் கைதட்டல். ஊரில் ஒரு மோட்டார் போட ஒரு மனுஷன் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறான், அதைக் கேட்க நாதியில்லை. அடுத்த மாதமே பெட்டி படுக்கையோடு செஞ்சிக்கு வந்துவிட்டாள்.

அவள் செய்த பெட்டியில் பொத்தானே கிடையாது. விளக்கும் கிடையாது. வழவழவென்று வெள்ளை முகம். முகத்தின் மேல்பாதியில் நட்டநடுவே, ஐந்து ரூபாய்க் காசு அளவில், லேசாகக் குழிந்த ஒரு வட்டம். அதை ஒரு தடவை தொட்டால் பெட்டி விழித்துக்கொள்ளும். தொட்டபடியே ஐந்து எண்ணினால் தூங்கிவிடும். ஊருக்குப் போகிறவர்கள் தூங்க வைத்துவிட்டுப் போகலாம். வட்டத்துக்குப் பின்னால் உட்பக்கம் ஒரு செம்புத் தகடு. விரல் பட்டால் அதற்குத் தெரியும். அந்த வட்டத்தின் குழிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பதினோரு அச்சு போட்டுப் பார்த்தாள் மகராசி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவளுக்கு அந்த வட்டம்.

வல்லம் பக்கமும் சிங்கவரம் பக்கமுமாகப் பத்துப் பேரிடம் பத்துப் பெட்டிகளைச் சும்மா கொடுத்து மாட்டச் சொன்னாள். ஒரு செவ்வாய்க்கிழமை, குருவும் அவளுமாகப் போய் ஒரே நாளில் பத்தையும் மாட்டினார்கள். "வெள்ளிக்கெழம பூஜ போட்டுக்கறோம்மா" என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். அவள் "சரிங்க, சரிங்க" என்று அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் இந்த வெள்ளிக்கிழமைக் கூத்து. காலை ஆறரை மணிக்குமேல் ஒவ்வொரு பெட்டியாகத் தூங்கப் போய்விடும். பத்தில் ஏழு. பட்டறையில் இருக்கும் அவளுடைய கம்ப்யூட்டரில் அது அப்படியே தெரியும்: ஆறு நாற்பதுக்கு ஒன்று அவிந்தது, ஏழு ஐந்துக்கு ஒன்று, ஏழேகாலுக்கு இரண்டு. நிலத்துக்காரர்களிடம் போன் போட்டு, "நீங்க தூங்க வெச்சீங்களா?" என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில். "சாமி சத்தியமா இல்லம்மா. நாங்க ஏன் அத்தத் தூங்க வெக்கப் போறோம்?"

"நான் வந்து பாக்கறேன்" என்று கிளம்பிப் போவாள். போய்ப் பார்த்தால் பெட்டி பளபளவென்று இருக்கும், விழித்துக்கொண்டும் இருக்கும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் ஓடிப்போகிற பிள்ளை மாதிரி. செம்புத் தகட்டை மாற்றினாள். பனி இறங்கி ஈரம் பிடிக்கிறதோ என்று ரப்பர் வளையம் போட்டாள்.

"வெள்ளிக்கெழம மட்டும் பாத்து எறங்கறதுக்குப் பனிக்கு இன்னா காலண்டரா தெரியும்?" என்றான் குரு. "எனக்குத் தெரிஞ்சி இது ஒண்ணுதான். பொட்டி வெள்ளிக்கெழம வெரதம் இருக்குது."

"வாய மூடிக்கினு வோல்டேஜப் பாரு" என்றாள் அவள்.

தூங்காத மூன்று பெட்டிகளையும் போய்ப் பார்த்தாள். ஒன்று சிங்கவரம் ரோட்டில் ஜாபர் பாய் கொட்டாயில் இருந்தது. அவர் அந்த அழகான வட்டத்தின்மேல் 786 என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார். இன்னொன்று பீமாராவ் என்ற ஆசிரியருடையது. அவர் அதே இடத்தில் நீலக் கலரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். மூன்றாவது பாண்டுரங்கன் என்கிற ஒண்டிக்கட்டையின் கொட்டாயில். அதில் ஒட்டடையைத் தவிர ஒன்றும் இல்லை. பதினோரு அச்சு போட்டு எடுத்த வட்டத்தில் ஆளாளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வயிற்றெரிச்சலோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாளே ஒழிய, ஏன் ஒட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த பிள்ளைதான், இருந்தும் கேட்கவில்லை.

இப்படியே ஐந்து வெள்ளி போனது. ஆறாவது வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ஷோபனா என்கிற அம்மாள், அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் எந்தப் புதுப்பொருளைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முடிவு பண்ணுகிறவர். பெட்டியைப் பற்றி வெண்மதி எழுதியதைப் படித்திருந்தார். நேரில் பார்க்க வருகிறேன் என்றார்.

"என்னிக்குங்க மேடம்?"

"வெள்ளிக்கிழமை காலையில வந்துர்றனுங்க."

வெண்மதி அவசரமாகக் குறுக்கிட்டாள். "சனிக்கிழமை வச்சுக்கலாமா மேடம்?"

"சனிக்கிழமை பாண்டிச்சேரியில வேலை இருக்குதுங்க. வெள்ளிய விட்டா அப்புறம் இந்தப் பக்கம் வர்றது சிரமமுங்க."

போனை வைத்துவிட்டு வெண்மதி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் கேட்டதும் குரு தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு. வெரத நாளாப் பாத்து விருந்தாளி வராங்க."

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெங்களூரில் பழைய கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. வருகிறாயா இல்லையா என்று அதே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் அம்மாள் தலையாட்டினால் பெட்டி நிலைக்கும், அவளும் செஞ்சியில் நிற்பாள். உதட்டைப் பிதுக்கினால் மறுபடி பிரியாணிதான். அவளுடைய நைனா பெரியதம்பி கொத்து மேஸ்திரி. சுற்றுவட்டாரத்தில் பாதி மோட்டார் கொட்டாய் அவர் கட்டியதுதான். மகள் வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். "உனக்கு எது தோணுதோ அத்தச் செய்யி. ஆனா பாதில உட்டுட்டுப் போனேன்னு நாளைக்கு நீ வருத்தப்படக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வாசலுக்கு வந்தபோது நைனா வழக்கம்போல அவளுடைய ஸ்கூட்டரைத் துடைத்து, முன் விளக்குக்கு மேலே சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். "லேட்டாவுது நைனா, நவுரு" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறை வாசலில் ஷோபனா காரில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, காலில் ஷூ. வரப்பில் நடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து வந்தவர். வெண்மதி அவரை ஜாபர் பாய் நிலத்துக்குத்தான் கூட்டிப்போக நினைத்திருந்தாள். அது விரதம் இருக்காத பெட்டி. ஆனால் காரில் ஏறியதும் ஷோபனா, "பொம்பளைங்க நடத்தற நிலம் எதாச்சும் இருக்குதுங்களா? அதையே முதல்ல பாக்கலாமுங்க" என்றார். பத்துப் பேரில் பெண் ஒருத்திதான். வல்லத்தில் ஆண்டாள். பொய் சொல்ல வராத வாய் "இருக்காங்க மேடம்" என்று சொல்லிவிட்டது. முன் சீட்டில் இருந்த குரு திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான்.

ஆண்டாள் நாற்பது வயதுக்காரி. ஒண்ணேகால் ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மீதியில் நெல். புருஷன் பச்சமுத்துவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். வேப்பமரத்தடியில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சொம்பில் மோரோடு காத்திருந்தாள். கட்டியிருந்தது புதுப்புடவை.

"கோயம்புத்தூர்லேர்ந்து வராங்கன்னு சொன்னியா, அதான் காலையிலயே எல்லாம் ரெடி பண்ணி வெச்சிட்டேன்" என்றாள் வெண்மதியிடம்.

"ஆண்டாக்கா, ஒருதரம் கொட்டாக்குள்ள போயி பாத்துட்டு வந்துரட்டுமா?"

"அது எங்க போவப் போவுது? மொதல்ல மோரக் குடிங்க. போன் வரட்டும், மோட்டார் ஓடட்டும், அப்புறமா எல்லாரும் சேந்து உள்ள போலாம். உள்ள உங்களுக்கு ஒண்ணு செஞ்சி வெச்சிருக்கேன்."

ஒன்பதரைக்குக் கரன்ட் வரும் என்றார்கள். ஆண்டாள் போனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஷோபனா நாற்காலியில் சாய்ந்து ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்மதி கொட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது முப்பத்தெட்டுக்குப் பக்கத்து நிலத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அந்த நிலத்துக்காரர் நடந்துபோய்ப் போட்டிருக்கிறார். ஆகவே கரன்ட் வந்துவிட்டது. ஆண்டாளின் போன் சும்மா கிடந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கடைசியில் போன் அடித்தது. ஆண்டாள் பாய்ந்து எடுத்தாள். அக்காள் மகள். "அப்புறம் பேசறேன் வெய்யி" என்று வைத்தாள்.

குரு மெல்ல வெண்மதியின் பக்கம் சாய்ந்தான். "டவர் இல்லன்னு சொல்லிரு. நான் போயி ஒரு தொடு தொட்டு எழுப்பி உட்டு வந்துர்றேன். ரெண்டே நிமிஷம்."

சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வெண்மதியின் வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் ஆண்டாளின் அக்காள் மகள் இப்போதுதான் அதே போனில் கணீரென்று பேசினாள். டவர் இல்லை என்றால் ஷோபனா சிரிப்பார். அதைவிட, பத்துப் பேர் நம்பி மாட்டிய பெட்டியை நோய் தெரியாமல் எழுப்பி எழுப்பி விடுவதில் என்ன பெருமை? அவள் எழுந்தாள்.

"மேடம், பெட்டி தூங்கிருச்சு. வெள்ளிக்கிழமைல ஏழு பெட்டி இப்படித்தான் தூங்குது. ஏன்னு எனக்கு இன்னும் தெரியலை. வாங்க, உள்ள போய்ப் பாக்கலாம்."

ஷோபனா புருவத்தை உயர்த்தினார்; எழுந்து கூட வந்தார்.

கொட்டாய்க்குள் இருட்டாக இருந்தது. கண் பழகச் சிறிது நேரம் ஆனது. பழகியதும் வெண்மதி பார்த்தாள். சுவரில் பெட்டி. அதற்குச் சாமந்திமாலை. கீழே இரண்டு ஊதுபத்தி எரிந்து முடிந்திருந்தது. வெள்ளை முகத்தின் மேல்பாதியில், பதினோரு அச்சு போட்டு எடுத்த அந்த வட்டம் நிறைய, ஈரம் காயாத சந்தனம். அதன்மேல் வட்டம் தப்பாமல் குங்குமம்.

ஈரச் சந்தனம். பின்னால் இருக்கிற செம்புத் தகட்டுக்கு ஈரச் சந்தனமும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். ஐந்து எண்ணும்வரை ஒரு விரல் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்று நினைத்து, பாவம், சொன்னபடி தூங்கிவிட்டது. பாயின் ஸ்டிக்கரில் ஈரம் இல்லை. பீமாராவ் சார் ஸ்டிக்கரிலும் இல்லை. பாண்டுரங்கனுக்குப் பூஜையே இல்லை.

"யாருக்கா உங்கள பொட்டு வெக்கச் சொன்னது?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "அஞ்சு வாரமா நான் தூங்கல. நான் வந்தப்பல்லாம் பொட்டி சுத்தமாதான இருந்துது?"

"ஆமா. இஞ்சினியரம்மா வரேன்னு சொன்னா அழுக்கோடவா காட்டுவேன்? தொடச்சி வெப்பேன். எல்லாரும் அப்டித்தான்." ஆண்டாளுக்கு இன்னும் என்ன குற்றம் என்று விளங்கவில்லை. "இன்னிக்கு வெளியூர்க்காரங்க வராங்களேன்னு தொடைக்காம பூவும் வெச்சேன். நல்லால்லியா?"

துடைக்கும்போது துணியும் விரலும் படும். பட்டால் பெட்டி விழித்துக்கொள்ளும். மறுநாள் காய்ந்த பொட்டைத் துடைக்கும்போதும் அப்படித்தான். ஐந்து வாரமாக அவளுக்கு முன்னால் நோயைத் துடைத்துவிட்டுத்தான் பிள்ளையைக் காட்டியிருக்கிறார்கள்.

"அது தொடற எடம்க்கா. விரல் வெக்கற எடம். பொட்டு வெக்கற எடமில்ல."

ஆண்டாள் பெட்டியைப் பார்த்தாள், வெண்மதியைப் பார்த்தாள். "இன்னாம்மா இப்டி சொல்ற? நெத்தியில வட்டமா, குழியா, குங்குமம் வழியாம நிக்கற மாரி நீயேதான எடம் உட்ருக்க? எங்க வூட்டு டிராக்டர்ல எங்க வெச்சாலும் வழிஞ்சி எறங்கிடும். இதப் பாத்ததும் நான் எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பரவால்லியே, நம்மள மாரி ஆளுங்கள நெனச்சிப் பாத்து செஞ்சிருக்குது அந்தப் பொண்ணுன்னு."

வாசலில் கம்பை ஊன்றி நின்ற பச்சமுத்து தலையாட்டினார். "மெய்தான். சொன்னா. யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல, பாத்ததும் தெரிஞ்சிப் போச்சு."

பாத்தாலே தெரியணும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன வார்த்தை, சொன்னவள் முகத்திலேயே வந்து விழுந்தது. குரு சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டார்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். வெண்மதிக்குக் கோபம் வந்த வழியே போய்விட்டது. இத்தனைக்கும் காலையில் வீட்டு வாசலில் நைனா அவளுடைய சொந்த ஸ்கூட்டரின் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, நவுரு என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான். ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறார். அவளுடைய கம்ப்யூட்டரிலும் போன வருஷம் ஆயுத பூஜையன்று வைத்தார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதை. நாற்பது பேரிடம் நூறு கேள்வி கேட்டுத்தான் பெட்டியைச் செய்தாள். பொட்டு வைப்பீர்களா என்று எந்தக் கேள்வியும் இல்லை. சாப்பிடும் முன் கை கழுவுவீர்களா என்று யாராவது கேட்பார்களா?

"ஏனுங்க, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டார் ஷோபனா. குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாம் மேடம்" என்று குரு முந்திக்கொண்டான். "இங்கு பொட்டு வைக்கக் கூடாதுன்னு."

"வேணாம்" என்றாள் வெண்மதி. "அவங்க சரியாத்தான் பாத்தாங்க. வட்டம் அப்படித்தான் சொல்லுது. தப்பா சொன்னது நான். குரு, ஸ்க்ரூ டிரைவர் குடு. டேப்பும் குடு."

மெயினை அணைத்துவிட்டு, மாலையை எடுத்து ஆண்டாள் கையில் கொடுத்தாள். பொட்டு கலையாமல் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கினாள். பின்மூடியைக் கழற்றி, வட்டத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த செம்புத் தகட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். கம்பி அளவாகத்தான் இருந்தது. இழுத்துப் பிடித்து, பெட்டியின் அடிப்பக்க ஓரத்தில், கை வைத்துத் தூக்கினால் கட்டைவிரல் படும் இடத்தில் ஒட்டினாள். குரு கறுப்பு டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தான். ஷோபனா தன் போன் விளக்கை அடித்துப் பிடித்தார். திருகாணி ஒன்று கீழே விழுந்து, பச்சமுத்து கம்பால் தள்ளிக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

பெட்டியை மாட்டினாள். மெயினைப் போட்டாள். அடி ஓரத்தை ஒரு தடவை தொட்டாள். வட்டத்தில் சந்தனமும் குங்குமமும் அப்படியே ஈரமாக இருந்தன.

ஆண்டாளின் போன் அடித்தது.

"கரன்ட் வந்துட்ச்சி. மோட்டார் போட ஒண்ண அமுத்துங்க."

ஆண்டாள் ஒன்றை அமுக்கினாள். ஸ்டார்ட்டர் டக்கென்று இழுத்தது, மோட்டார் உறுமியது, வெளியே குழாய் இரண்டு தடவை காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. ஆண்டாள் மாலையைத் திரும்பப் போட்டாள். "இனிமே வெள்ளிக்கெழமயும் பேசு" என்று பெட்டியிடம் சொன்னாள்.

ஷோபனா வெளியே வந்து தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டார். மோர்ச் சொம்பை அவரே எடுத்து ஊற்றிக் குடித்தார். அந்த நேரத்துக்குள் வெண்மதி இரண்டு தடவை செத்துப் பிழைத்தாள்.

"நானும் நிறையப் பொருள் பாக்கறனுங்க" என்றார் ஷோபனா. "தப்பு வந்தா எல்லாரும் சொல்றது, ஜனங்களுக்குப் பயன்படுத்தத் தெரியலைங்க மேடம். கையில டேப்பை எடுத்தது நீங்கதான். நூறு பெட்டி செஞ்சு பாக்கலாமுங்க. உடுமலைப் பக்கம் அம்பது, இந்தப் பக்கம் அம்பது. ஆனா ஒண்ணு. தகடு கீழ போயிருச்சே, அந்த வட்டம் இனிமே எதுக்குங்க? எடுத்துரலாமில்லீங்களா?"

வெண்மதி பதில் சொல்வதற்குள் ஆண்டாள் சொன்னாள். "அப்புறம் பொட்டு எங்கங்க வெக்கறது?"

ஷோபனா ஆண்டாளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "அதுவும் சரிதானுங்க" என்றார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வெண்மதி பெங்களூருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினாள். கூப்பிட்டதற்கு நன்றி, ஊரிலேயே இருக்கிறேன். அனுப்பிவிட்டுக் குருவுக்குப் பஜாரில் முட்டை போண்டா வாங்கிக் கொடுத்தாள். அவன் வெரதம் வெரதம் என்று சொன்னதற்கு இதுவே அதிகம் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அப்புறம் பெட்டியின் வரைபடம் கோயம்புத்தூருக்குப் போனது. ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரும் வேலையும் எழுத வேண்டும். மூடி, அடித்தட்டு, தொடு தகடு என்று எல்லாவற்றுக்கும் எழுதினாள். முன்வட்டம் என்று எழுதி, வேலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். கோயம்புத்தூரில் அச்சு போடுகிறவர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இந்த வட்டத்துக்குப் பின்னால ஒண்ணுமே இல்லீங்களே. வேலைன்னு போட்ட இடத்துலயும் எதையும் காணோம். எழுத மறந்துட்டீங்களா?"

"மறக்கலைங்க. அதுல பெட்டிக்கு வேலை இல்ல. வாங்கறவங்களுக்குத்தான் வேலை. பொட்டு வைப்பாங்க, ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, சும்மாவும் விடுவாங்க. குழிவு மட்டும் குறையாமப் பாத்துக்குங்க."

மூன்று மாதம் கழித்து முதல் பெட்டி தபாலில் வந்தது. வந்தது வியாழக்கிழமை. மறுநாள் காலையில் அதைப் பட்டறைக்கு எடுத்துப்போகக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நைனா ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்து முடித்திருந்தார். குங்குமம் ஒட்டிய மோதிரவிரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. பெட்டி விரதம் இருந்த கதையைக் கேட்டதிலிருந்து மகளுடைய சாமான்கள் பக்கம் விரலைக் கொண்டுபோகவே அந்த மனுஷருக்குப் பயம். இடையில் வந்த ஆயுத பூஜையன்று அவளுடைய கம்ப்யூட்டருக்கு எட்ட நின்று கற்பூரம் மட்டும்தான் காட்டினார்.

"இதுல வெக்கலாமா?" என்று கேட்டார்.

வெண்மதி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து அவருக்கு நேராக நீட்டினாள். "வெய்யி நைனா. உனக்குத்தான் எடம் உட்ருக்கேன்."

பெரியதம்பி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். புதிதாகச் சந்தனம் குழைத்தார். வட்டத்தின் ஓரம் தாண்டாமல், சுவருக்குப் பூச்சு வேலை செய்கிற அதே நிதானத்தோடு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது.

பட்டறைக்குப் போனதும் வெண்மதி பெட்டியைக் குருவின் கடை லைனில் மாட்டினாள். சந்தனம் இன்னும் காயவில்லை. மணி ஒன்பது நாற்பது. வெள்ளிக்கிழமை. அவளுடைய போன் அடித்தது.

"கரன்ட் வந்துட்ச்சி" என்றது பெட்டி.